பவளத்து மரம்

வந்துட்டா. மூடுபனி ஓடைப் பக்கமா இறங்கி, தகரக் கூரையில வெயில் பட்டதும் வந்துட்டா பட்டைக்காரி. கறுப்பு ரெக்கை, குறுக்கால மோர் நிறத்துல ஒரே பட்டை, பின்னாடி ரெண்டு வாலு. கோயமுத்தூர்ல இருந்து பட்டாம்பூச்சி பாக்க வர்ற ரஞ்சனாப் பொண்ணு இதுக்கு மலபார்னு ஆரம்பிச்சு நீட்டமா ஒரு பேரு சொல்லும், என் வாயில நுழையாது, நான் வெச்ச பேரு பட்டைக்காரி. நம்ம மேற்கு மலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாதாம். இந்த மலையிலயும் எல்லா இடத்துலயும் இருக்காதாம், தேயிலை போட வெட்டினது போக மழைக்காடு கொஞ்சம் மிச்சமிருக்கிற ஓடை ஓரமாப் பாத்துத்தான் இருக்குமாம். அதுவும் என் வாசல்ல நிக்கிற இந்த மூணிலை மரமோ இதுக்குச் சொந்தக்கார மரமோ இருந்தாத்தான் முட்டை வெக்குமாம். அசையாதே அமலி. அரிசிக் கிண்ணத்தை மெதுவா வை, சத்தம் வரக் கூடாது. ஜன்னல் கம்பி வழியா நல்லாத் தெரியுது, என் மரத்துக்குத்தான் வர்றா, என் மரத்துக்கேதான், வாடி ராசாத்தி, வா. உச்சியில ஒரு சுத்து சுத்துறா. இலையில முழுசா உக்காராம, ரெக்கையை அடிச்சுக்கிட்டே முன்னங்காலால தட்டித் தட்டிப் பாக்குறா. கால்லதான் ருசி தெரியுமாம் அதுங்களுக்கு. பொண்ணு பாக்க வந்தவ நம்ம சேலை முந்தியைத் தொட்டுத் தொட்டுப் பாப்பாளே, அந்த மாதிரி. அந்த இலை வேணாமா, இந்தா பெரிய இலை, பளபளன்னு, நேத்து ஈரத்துணி வெச்சுத் தொடச்சு விட்டது, ஒரு பூச்சி அரிச்ச ஓட்டை காட்டு பாப்போம். போடு. ஒண்ணே ஒண்ணு போடு. மாதாவே, இந்த ஒரு தடவை. என்ன, கிளம்புற? போகாதடி. போறா. வேலியைத் தாண்டிட்டா. பக்கத்து வீட்டுப் பவளத்து மரத்துக்குப் போயிட்டா.

அங்க போய் யோசிக்கக்கூட இல்ல பாரு. ஒரே தட்டு, வயித்தை வளைச்சா, வெச்சா. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெப்பா, பெண்டு பிள்ளைங்க வளையல் அடுக்கிற மாதிரி, ரஞ்சனா கேமராவுல பெருசாக்கிக் காட்டினா. அந்த மரமும் ஒரு மரமா? அவரைக் கொடிக்குக் கொம்பு வேணும்னா பவளம் அதைத்தான் வெட்டுவா. துணி காயப்போடக் கயிறு கட்ட ஒரு கிளை இடைஞ்சலா இருந்தா அதையும் வெட்டுவா. அடுப்புக்கு வெறகு நனைஞ்சு போச்சா, சடசடன்னு ஒடிச்சு எரவாணத்துல காயப் போட்டுடுவா. கை கால் முறிஞ்ச பிச்சைக்காரன் மாதிரி நிக்குது அது. என் மரத்துல நான் ஒரு இலையைக் கிள்ளினது உண்டா? கசக்கினா எலுமிச்சை வாசம் வரும்னு லைன் வீட்டுப் பசங்க பறிக்க வந்தா விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு ஓடுவேன். அந்தப் பக்கம் மரத்தைக் குடுத்ததே நான்தானே. அந்த வருஷம் மழையில ஓடைக்கரை சரிஞ்சு, வேரோட கிடந்த கன்னுங்களை மடியில கட்டிக்கிட்டு வந்தேன். நல்லதா ஒண்ணைப் பொறுக்கி என் வாசல்ல வெச்சேன். மீந்தது சோனிக்கன்னு, தூக்கிப் போட மனசில்லாம, இந்தா பவளம் வெச்சுப் பாரு, வந்தா வரட்டும்னு குடுத்தேன். வந்தா வரட்டும்னு குடுத்ததுதான் வருது அவளுக்கு எல்லாம்.

இன்னிக்கு வயர்மேன் துரைப்பாண்டி வருவான். ரெண்டு மரமும் கரண்ட்டு கம்பியைத் தொடுது, காத்தடிச்சா பொறி பறக்குது, ரெண்டையும் வெட்டித்தான் ஆகணும்னு போன வாரம் வந்து சொல்லிட்டுப் போனான். ரஞ்சனா அவன் பின்னாடியே போய், அண்ணே, இது ரொம்ப அபூர்வமான பூச்சிண்ணே, புழு இருக்கிற மரத்தையாவது விட்டுடுங்கண்ணேன்னு கெஞ்சி, அவனும் மனசிறங்கி, கம்பி மேல மாட்டுற பிளாஸ்டிக் குழாய் ஒரு மரத்துக்குத்தான் வரும், எதுல புழு இருக்கோ அதுக்கு மாட்டுறேன், இன்னொண்ணை வெட்டிருவேன்னு ஒத்துக்கிட்டான். ஒரு மரம் நிக்கும், ஒரு மரம் போகும். ரஞ்சனா இன்னிக்கு ஊர்ல இல்ல. அவ இருந்திருந்தா வேற கதை. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்போ பவளம் கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு வேலிகிட்ட வந்து நின்னா. "லீவு போட்டுட்டியாக்கா? முட்டி வலியா?" "ஆமா" "துரைப்பாண்டியண்ணன் வந்தா நீயே சொல்லிடுக்கா, எதுல புழு இருக்குன்னு." அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டே போயிட்டா. எதுல புழு இருக்குன்னு நீயே சொல்லிடுக்கா. அவளுக்குத் தெரியும் அவ மரத்துலதான்னு, எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். நம்பிக்கையாம். எம்மேல நம்பிக்கை. எனக்கு முட்டி வலி ஒண்ணும் கிடையாது, என் மரத்துக்குக் காவல் இருக்கத்தான் லீவு போட்டேன். என் மரத்தை வெட்ட என் வாயாலயே சொல்லணும், அதுக்கு நான் லீவு வேற போட்டிருக்கேன்.

எரியுது. சும்மா சொல்லக் கூடாது, வயிறு நெசமாவே எரியுது, காலையில குடிச்ச வரக்காப்பி நெஞ்சு வரைக்கும் வருது. நான் குடுத்த கோழி அங்க போய்த்தான் அடை காத்துச்சு. நான் குடுத்த கறிவேப்பிலைக் கன்னு அங்க மரமாயிட்டு, என்னது வேர் அழுகிச் செத்துச்சு. சரி, கோழி போனாப் போகுது. அருள்? நான் பெத்தது. அவங்கப்பா போனப்புறம் மழையில நனைஞ்சு கொழுந்து பறிச்சு, அட்டை கடிச்ச கால்ல சுண்ணாம்பு தடவிக்கிட்டு நான் வளத்தது. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனானே, ஞாயித்துக்கிழமை போன் வந்தா யாருக்கு முதல்ல வருது? சுவத்துக்கு அந்தப் பக்கம் பவளத்து போன் அடிக்கும், சித்தி சாப்டியா சித்தின்னு அவன் கேக்கிறது இங்க எனக்குக் கேக்காது, ஆனா அவ சொல்ற பதில் கேக்கும். சாப்டேண்டா தங்கம், ரசம் வெச்சேன், நீ என்ன சாப்ட்ட? சிரிப்பு. அப்புறம் அரைமணி கழிச்சு என் போன் அடிக்கும். "ம்மா, நல்லாருக்கியா? மாத்திரை போட்டியா?" போட்டேன். "சரி வெக்கவா?" வெச்சிடு. அவகிட்ட என்னடா அவ்வளவு நேரம் பேசின, எங்கிட்ட ஏண்டா ஒண்ணும் இல்லன்னு ஒரு தடவை கேட்டேன். "நீ எதுக்கெடுத்தாலும் அழுவம்மா"ன்னான். நான் எங்க அழுதேன்? அவ அழ மாட்டா. அவளுக்கு அழ என்ன இருக்கு? ரஞ்சனாவையே எடுத்துக்க. முதல்ல எங்கிட்டத்தானே வந்து பேசினா, இந்த மரம் யார் வெச்சதுன்னு கேட்டா, நான்தான்னு சொன்னேன், அம்மா நீங்க எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமான்னா. அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல சந்தோஷத்துல. நாலு தடவை வந்தா, நாலு தடவையும் என் மரத்தை அண்ணாந்து பாத்தா, ஒண்ணும் இல்ல. அஞ்சாவது தடவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறா, அய்யோ இங்க இருக்கு, இங்க இருக்கு. அப்புறம் டீ குடிக்கிறதும் அங்கதான், மழைக்கு ஒதுங்கிறதும் அங்கதான். போட்டோவுல பவளம் நிக்கிறா, பல்லு பூரா தெரியுது, பின்னாடி புழு. வேலி ஓரத்துல என் கை மட்டும் விழுந்திருக்கு.

மணி பத்து இருக்குமா? ஃபேக்டரி சங்கு இன்னும் ஊதல. துரைப்பாண்டி மேல் லைன்ல இருந்து ஆரம்பிச்சிருப்பான், அங்க அரம் வெச்ச மாதிரி ரம்பச் சத்தம் கேக்குது. இங்க வர இன்னும் நேரமிருக்கு. பவளம் நாலாம் நம்பர் தேயிலைக் காட்டுல நிப்பா, மத்தியானச் சோத்துக்குத்தான் வருவா. லைன்ல யாரும் இல்ல, நாய் படுத்திருக்கு. அமலி, நீ எதுக்கு இதையெல்லாம் கணக்குப் பாக்குற? சும்மாதான். சும்மா ஒரு தடவை புழுவைப் பாத்துட்டு வரலாம்னு. பாக்கிறதுல என்ன? அரிவாள் எதுக்குக் கையில? வேலி முள்ளு இருக்குல்ல. இப்பிடியே பேசிக்கிட்டே வேலியைத் தாண்டி வந்துட்டேன், அவ கோழிங்க காலைச் சுத்துது, என்னை அவங்க வீட்டு ஆளுன்னே நினைச்சுக்கிட்டு. இதோ இருக்கு. எட்டுற உயரத்துலயே, இளம்பச்சையா ஒரு துளிர், அதுல வரிசையா ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கு புழுங்க. தனியாத் தனியா மேயாதுங்க இதுங்க, சாப்பிட்டாலும் ஒண்ணா, நகர்ந்தாலும் ஒண்ணா, தூங்கினாலும் இப்பிடி ஒரே பாயில. போன வாரம் எள்ளு மாதிரி இருந்துச்சு, இப்ப சீரகம் மாதிரி ஆயிடுச்சு. அழகாவா இருக்கு? காக்கா எச்சம் மாதிரி இருக்கு. ஆனா இது தொங்கி, கூடு கட்டி, ஒரு நாள் வெயில்ல ரெக்கையை உலர்த்திக்கிட்டு நிக்குமே, அப்ப யாரு வீட்டு வாசல்ல நிக்கும்? அவ வீட்டு வாசல்ல. அவ அன்னிக்கும் பெரட்டுக்குப் போயிருப்பா. பாக்கக்கூட மாட்டா. பாக்காதவளுக்கே எல்லாம் வருது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், எனக்கு ஒண்ணும் வரல. தொட்டேன். எல்லாம் ஒரே நேரத்துல தலையைத் தூக்குச்சு, கழுத்துல இருந்து ரெட்டைக் கொம்பு மாதிரி ஒண்ணை வெளிய நீட்டுச்சு, சீ, என்ன நாத்தம், அழுகின எலுமிச்சம்பழ நாத்தம். என்னையாடி பயமுறுத்துறீங்க? உங்க மரத்தோட அம்மாவே நான்தாண்டி. ஒரே வெட்டு. துளிர் கையோட வந்துடுச்சு.

கட்டியாச்சு. பழைய சேலைக் கரையைக் கிழிச்சு என் மரத்துக் கிளையில சேத்துக் கட்டியாச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா அங்கயே மொளைச்ச மாதிரி இருக்கு. நான் என்ன திருடினேனா? என் கன்னு, நான் குடுத்தது, அதுல வந்தது எனக்கும் பாத்தியதைதானே. பக்கத்துலயே நின்னுக்கிட்டிருக்கேன். நாத்தம் விரல்லயே இருக்கு, சோப்பு போட்டும் போகல, பவளம் வந்து மோந்தா கண்டுபிடிச்சிடுவாளோ? அவ ஏன் என் விரலை மோக்கப் போறா, பைத்தியம். புழுங்க எழுந்திரிச்சுடுச்சு. ஒண்ணு பின்னாடி ஒண்ணாத் துளிரை விட்டு என் இலைக்கு வருது பாரு, வாங்க, வாங்க, எவ்வளவு பெரிய இலை, எவ்வளவு சுத்தம். ஓரத்துல வாயை வெச்சுச்சு முன்னாடி போறது. எடுத்துடுச்சு. இன்னொரு இடத்துல வெச்சுச்சு. எடுத்துடுச்சு. புது இடம், கூச்சம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி வந்தப்போ ரெண்டு நாள் சோறு எறங்கல. நானும் பொறந்த ஊரை நினைச்சு அழுதுக்கிட்டிருந்தேன், அப்புறம் பசி வந்து தின்னேன். அது மாதிரிதான். தின்னுடும். இலையைச் சுத்திச் சுத்தி வருது எல்லாம், ஊர்வலம் மாதிரி, இறங்குது, அடுத்த இலைக்கு ஏறுது, வாயை வெக்குது, எடுக்குது. தின்னுங்கடி. தொடச்சு வெச்சிருக்கேண்டி. ஏண்டி இப்பிடிப் பண்றீங்க, உங்கம்மா மாதிரியே நீங்களும் என்னை அவமானப்படுத்துறீங்க?

ஜீப்புச் சத்தம். மாதாவே, வந்துட்டான். ஏணி, கயிறு, ரம்பம், கூட ரெண்டு ஆளு. "என்னக்கா, வேலைக்குப் போகலியா? சொல்லுங்க, எதுல புழு? எதுக்குக் குழாய் மாட்ட?" இப்ப நினைச்சாலும் சொல்லிடலாம். வாயைத் திறந்து, அந்தப் பக்கம்தான் தம்பி, நான் சும்மா ஒரு துளிரை ஒடிச்சுட்டு வந்தேன்னு சொன்னாப் போதும். சொன்னா இந்த மரம் போகும். ஓடைக்கரையில வேரோட கிடந்தது, மடியில ஈரமண்ணு ஒழுக ஒழுகக் கொண்டு வந்தது, அருள் அவங்கப்பா செத்த வருஷத்துல இதுக்குத் தண்ணி ஊத்தத்தான் காலையில எந்திரிச்சேன், இல்லாட்டி எந்திரிச்சே இருக்க மாட்டேன். இதைப் போய் வெட்டுன்னு நான் எப்பிடிச் சொல்ல? "என்னக்கா, எதுல?" "இதுல" "எங்க காட்டுங்க" காட்டினேன். அண்ணாந்து பாத்தான். புழு ஊர்ந்துக்கிட்டிருக்கு, இருக்கா இல்லியா, அவன் கண்ணால பாத்துட்டான். "ஆமா இருக்கு. அப்ப அதை எடுத்துடலாமா? பவளம் ஒண்ணும் சொல்லாதுல்ல?" "அவதான் என்னையே பாத்துக்கச் சொன்னா." பொய்யா சொன்னேன்? அவ சொன்னதைத்தான் சொன்னேன்.

கரண்ட்டை நிப்பாட்டிட்டு ஏறிட்டாங்க. ஏணி என் மரத்துல, கம்பிக்கு வெள்ளைக் குழாய் மாட்டியாச்சு, கல்யாண மாப்பிள்ளை சட்டை மாதிரி புதுசாத் தெரியுது. அப்புறம் அந்தப் பக்கம். ரம்பம் ஓடுது. நான் பாக்கக் கூடாதுன்னு வீட்டுக்குள்ள வந்தேன், உள்ள நிக்க முடியல, வெளிய வந்துட்டேன். ஒவ்வொரு கிளையா விழுது. எனக்கு இனிக்கணும். எத்தனை நாளா எரிஞ்சது, இன்னிக்கு இனிக்கணும்ல? பெரிய கிளை ஒண்ணு வேலியைச் சாய்ச்சுக்கிட்டு என் காலடியில வந்து விழுந்துச்சு, எலுமிச்சை வாசம் குப்புன்னு அடிச்சுச்சு. குனிஞ்சு தள்ளப் போனேன். கை தன்னால ஒரு நுனியைப் பிடிச்சுக் கிள்ளுச்சு. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும், முப்பது வருஷமா பண்ற வேலை, நான் சொல்லாமலே பண்ணுது. டக்குன்னு வந்துச்சு. நாரில்ல, முறுக்கில்ல, பால் மாதிரி. கொழுந்து. கிளை முழுக்கக் கொழுந்து, அவ ஒடிச்ச எடத்துல எல்லாம் ரெண்டு ரெண்டா, மூணு மூணாத் துளிர். நான் திரும்பி ஓடி என் மரத்து இலையை மடிச்சுப் பாத்தேன். பட்டுன்னு முறிஞ்சுச்சு. முத்தல். இன்னொண்ணு. முத்தல். கூடையில இதைப் போட்டா சூப்பர்வைசர் மூஞ்சியிலயே வீசியிருப்பான். அடிப்பாவி, வாழ்க்கை பூரா முத்தல் எது கொழுந்து எதுன்னு விரலால பாத்தவ நீ, செடியை வெட்டி விட்டுக் கவாத்து பண்ணலைன்னா கொழுந்து வராதுன்னு புதுசா வந்த பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொன்னவ நீ, உன் வாசல்ல ஒண்ணைக் கிள்ளாம ஒடிக்காம துணி வெச்சுத் தொடச்சுத் தொடச்சுக் கிழடாக்கி வெச்சிருக்கியேடி! கால்ல ருசி பாத்தவளுக்குத் தெரிஞ்சுது, பல்லு மொளைக்காத புழுவுக்குத் தெரிஞ்சுது, உனக்குத் தெரியல. துரைப்பாண்டி கடைசிக் கிளையையும் எறக்கிட்டான். இடுப்பு உயரத்துக்கு நிக்குது அடிமரம், சாய்ச்சு வெட்டின வெட்டு, நல்ல கவாத்துக்காரன் வெட்டின மாதிரி சுத்தமா. இந்த மழைக்கு அது எப்பிடித் தழையும்னு எனக்குத் தெரியாதா? குத்துக் குத்தாத் துளிர் கிளம்பும், மலையில இருக்கிற பட்டைக்காரிங்க மொத்தமும் அங்கதான் வந்து வெக்கப் போகுதுங்க. இருந்த துளிர் பத்தாதுன்னு நானே ஆள் வெச்சு அவ மரத்துக்குக் கவாத்து போட்டுக் குடுத்திருக்கேன்.

அதோ வர்றா மறுபடியும். பட்டைக்காரி. காலையில வந்தவளோ வேறொருத்தியோ. மரம் இருந்த வெத்து எடத்துல சுத்துறா, என்ன ஆச்சுன்னு புரியாம. கீழ இறங்கினா. வெட்டிப் போட்ட கிளையில தட்டினா. சாயங்காலத்துக்குள்ள வாடப் போற கிளைடி அது, முட்டாளே, இங்க ஒரு மரம் பச்சையா, குழாய் மாட்டி, கம்பீரமா நிக்குது பாரு. வயித்தை வளைச்சா. வெச்சா. செத்த கிளையா இருந்தாலும் பவளத்துதுதான் வேணும் அவளுக்கு. எனக்கு அழுகை வந்துடுச்சு. நீ எதுக்கெடுத்தாலும் அழுவம்மான்னானே, ஆமாண்டா அழறேன், வந்து பாரு.

மத்தியானச் சங்கு ஊதிடுச்சு. பவளம் வர்றா. கூடையைக்கூட எறக்காம அப்பிடியே நின்னுட்டா. திட்டுடி. வா, மயிரைப் பிடிச்சு உலுக்கு, லைன் பூரா கேக்கிற மாதிரி கத்து, நானும் கத்துறேன், இத்தனை வருஷத்துது எல்லாத்தையும் இன்னிக்கே பேசித் தீத்துக்கலாம். "அய்யோ, என் மரத்தையா வெட்டிட்டாங்க? ஏங்க்கா, புழு இதுலதானே இருந்துச்சு?" என் மரத்துகிட்ட வந்தா. சுத்திக்கிட்டே இருக்கிற புழுங்களைப் பாத்தா. சேலைக் கரையைப் பாத்தா. அது எந்தச் சேலைன்னு அவளுக்குத் தெரியும், போன கிறிஸ்துமஸுக்கு அவ எடுத்துக் குடுத்தது. விரலால அந்த முடிச்சைத் தொட்டா, ரொம்ப நேரம் தொட்டுக்கிட்டே நின்னா. "கேட்டிருந்தா நானே ஒடிச்சுத் தந்திருப்பேனேக்கா." அவ்வளவுதான். விழுந்து கிடந்த கிளையில இருந்து கொழுந்தா நாலு ஒடிச்சா, குடத்துல தண்ணி ஊத்தி அதுல சொருகினா, புழு இருந்த துளிரை அவிழ்த்து அதோட சேத்து வெச்சா. முட்டை வெச்ச துளிரை நான் வாயால சொல்லல, கையால காட்டினேன், அதையும் வெட்டிக் குடத்துல வெச்சா. புழுங்க இறங்கி வந்து சேந்தாப்புல ஓரத்தைக் கடிக்க ஆரம்பிச்சுடுச்சு. "உன் வீட்டுலயே வெச்சுக்கக்கா, நீதான் பாத்துப்ப. எனக்கு எங்க நேரம்? வாட வாட ஒடிச்சுத் தர்றேன்"னு குடத்தைத் தூக்கி என் இடுப்புல வெச்சா. எல்லாம் குடுத்துட்டா. புழு, முட்டை, கொழுந்து, நிக்கிற மரம், எல்லாம் என் பக்கம். நான் கேட்டது அத்தனையும் இப்ப எங்கிட்ட இருக்கு, அத்தனையும் அவ குடுத்தது. குடம் கனக்குது. எரிச்சல் மட்டும் அப்பிடியேதான் இருக்கு, இம்மிகூட அடங்கல.

ஏணியைச் சாத்தி ஜீப்புல கயிறு போட்டுக் கட்டிக்கிட்டிருந்தான் துரைப்பாண்டி. குடத்தை வாசப்படியில வெச்சுட்டுப் போய் அவன் முன்னாடி நின்னேன். "என் மரத்தையும் வெட்டு." "என்னக்கா சொல்றீங்க? இப்பத்தானே குழாய் மாட்டினேன்?" "கழட்டிக்க." "புழு இருக்குன்னு சொன்னீங்க?" "புழு குடத்துக்குப் போயிடுச்சு. வெட்டு. அந்த உயரத்துக்கே, அதே மாதிரி சாய்ச்சு." "உங்களுக்கு என்ன ஆச்சுக்கா? இந்த மரத்துல ஒரு இலை உதிர்ந்தா ஊரைக் கூட்டுற ஆளு நீங்க, எதுக்கு இப்பத் திடீர்னு?" எதுக்குன்னு சொல்ல ஆயிரம் பொய் இருந்துச்சு. கம்பியில பொறி பறக்குதுன்னு சொல்லியிருக்கலாம். கூரைக்கு ஆபத்துன்னு சொல்லியிருக்கலாம். வாய் கேக்கல. "பின்ன அவ மரம் மட்டும் தழையணுமா?" கத்திட்டேன். அந்த ரெண்டு ஆளுங்களும் திரும்பிப் பாத்தாங்க, துரைப்பாண்டி வாயைப் பொத்திக்கிட்டான், சிரிப்போ என்னமோ. பின்னாடி பவளம் நிக்கிறா, காதுல விழுந்திருக்கும், விழாம எப்பிடி. திரும்ப எனக்குத் தைரியம் இல்ல. அவ வந்து என்னைத் தாண்டிப் போனா. கூடையை எறக்கிக் கீழ வெச்சா. "வெட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே, அக்கா மரமும் தழையட்டும்"னா. அதையும் அவதான் சொன்னா.